தவணையில் வந்த தையல் மெஷின்

சென்ற கோடையில் நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு படம் உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். கறுப்பு உடம்பு, தங்க நிறப் பூவேலை, இரும்புக் கால்களோடு ஒரு பழைய சிங்கர் தையல் மெஷின். கீழே, "வீடு காலி செய்கிறோம். நாளை காயலான் கடைக்குப் போகிறது. வேண்டுபவர்கள் இன்று மாலைக்குள் சொல்லவும்" என்று ஒரு வரி. ஐந்தாறு பேர் கட்டைவிரல் போட்டார்கள். ஒருவர் கால்களை மட்டும் கேட்டார். மேலே கண்ணாடி போட்டால் நல்ல டீப்பாய் ஆகுமாம்.

நான் படியிறங்கிப் போய் முழு மெஷினையும் கேட்டு வாங்கிவிட்டேன். வங்கியில் முப்பத்தேழு வருடம் குமாஸ்தா வேலை பார்த்தவன் நான். பட்டன் தைப்பதைத் தவிர எனக்குத் தையல் தெரியாது. "பிறகு எதற்கு இது?" என்று என் மனைவி கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். அதில் இந்த மெஷினின் வரலாறும் இருக்கிறது, என் பழைய பாக்கி ஒன்றும் இருக்கிறது.

முதலில் எண்ணைப் பாருங்கள்

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய சிங்கர் இருந்தால், அடித்தட்டின் வலது பக்கம் துடைத்துப் பாருங்கள். ஆங்கில எழுத்தும் எண்ணும் குத்தியிருக்கும். அந்த எண்ணை வைத்து மெஷின் எந்த ஆலையில், ஏறக்குறைய எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று சொல்லிவிடலாம். எனக்குக் கிடைத்த மெஷினின் எண் ஆங்கில 'ஈ' எழுத்தில் தொடங்கியது. 1930-களின் நடுவிலிருந்து ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் போடப்பட்ட வரிசை அது.

கிளாஸ்கோ நகருக்குப் பக்கத்தில், கிளைட்பேங்க் ஊரின் கில்போவி என்ற இடத்தில் 1885-ல் அந்த ஆலை திறக்கப்பட்டது. சிங்கர் மாடல் எண்களோடு வரும் 'கே' என்ற எழுத்து அந்தக் கில்போவிதான். 1913-ல் ஒரே ஆண்டில் சுமார் 13 லட்சம் மெஷின்கள் அங்கிருந்து வெளியே போயின. 1911-ல் வேலைப்பளுவைக் கூட்டியதை எதிர்த்து மரப்பெட்டிகளுக்குப் பாலிஷ் போடும் பெண்கள் சிலர் எழுந்தபோது, ஆயிரக்கணக்கானவர்கள் அவர்களோடு சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். 1941 மார்ச்சில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டதில் ஆலையின் மரக்கிடங்கு எரிந்தது. 1980-ல் ஆலையை மூடிவிட்டார்கள். ஆனால் அங்குள்ள ரயில் நிலையத்தின் பெயர் இன்றும் சிங்கர்தான். ஆலை போய் நாற்பது வருடத்துக்கு மேலாகியும் அதன் சரக்கு நம் தஞ்சாவூர்ப் பரணில் கிடக்கிறது.

ஊசியா, தவணையா?

தையல் மெஷினைச் சிங்கர்தான் கண்டுபிடித்தார் என்று நாம் நினைக்கிறோம். அது சரியல்ல. பிரான்சில் திமோனியே என்ற தையல்காரர் 1830-லேயே காப்புரிமை வாங்கி, எண்பது மெஷின் வைத்துப் பட்டாளத்துக்குச் சீருடை தைத்தார். பிழைப்பு போய்விடும் என்று பயந்த தையல்காரர்கள் அவர் பட்டறைக்குள் புகுந்து மெஷின்களை உடைத்தார்கள். அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846-ல் காப்புரிமை பெற்றார். ஐசக் சிங்கர் பெற்றது 1851-ல். ஆளுக்கொரு காப்புரிமையை வைத்துக்கொண்டு வழக்காடிய கம்பெனிகள் 1856-ல் சமரசத்துக்கு வந்து உரிமைகளை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டன.

காந்தியடிகள் 1924-ல் ஓர் உரையாடலில் சிங்கர் மெஷினைப் பற்றிப் பெருமையாகப் பேசினார். இயந்திரங்களைச் சந்தேகத்தோடு பார்த்த அவர், இது விதிவிலக்கு என்றார். மனைவி கையால் தைத்துச் சிரமப்படுவதைக் காணப் பொறுக்காமல் அன்பினால் சிங்கர் செய்த கருவி இது என்பது அவர் கேட்டிருந்த கதை. கதை அழகானது. ஆனால் சிங்கரின் நோக்கம் பணம். அவருடைய குடும்ப வாழ்க்கையைப் படித்தால், எந்த மனைவிக்காக என்று கேட்க வேண்டிவரும்.

பி.காம். படித்த எனக்குப் பிடித்தவர் சிங்கரின் கூட்டாளி எட்வர்ட் கிளார்க். அவர் வக்கீல். அன்றைக்கு மெஷின் விலை நூறு டாலருக்கு மேல். சாதாரணக் குடும்பத்தின் ஆண்டு வருமானமே சுமார் 500 டாலர்தான். எவ்வளவு நல்ல மெஷினானாலும் யார் வாங்குவார்கள்? 1856-ல் கிளார்க் ஒரு வழி செய்தார். ஐந்து டாலர் முன்பணம் கட்டினால் மெஷின் வீட்டுக்கு வரும். மீதியை மாதத் தவணையில் கட்டலாம். கடைசித் தவணை வரை மெஷின் கம்பெனியின் சொத்து. 1855-ல் விற்றது 883 மெஷின். 1856-ல் 2,564. ஊசி மாறவில்லை, இரும்பு மாறவில்லை. கட்டும் முறைதான் மாறியது. நாம் இன்று பிரிட்ஜ் வாங்கும் இ.எம்.ஐ. அந்த மரத்தின் கிளை.

கிளார்க் இன்னொன்றும் செய்தார். பழைய மெஷினைக் கொண்டுவந்தால் புதிய மெஷின் விலையில் 50 டாலர் கழிவு. வாங்கிய பழையதை உடைத்துவிடுவார்கள், செகண்ட்ஹேண்ட் சந்தையே இருக்கக்கூடாது என்பதற்காக. அப்படிச் செய்தும் சிங்கர் மெஷின்கள் தலைமுறை தாண்டி நின்றன. நம் நாட்டில் 1930-களில் கல்கத்தாவின் ஜெய் எஞ்சினியரிங் வொர்க்ஸ் 'உஷா' மெஷினைச் செய்யத் தொடங்கிய பிறகும், பழைய சிங்கரைச் சீர் வரிசையாகக் கொடுத்த குடும்பங்கள் உண்டு.

தோல் வேறு வகை

துணியில் தப்பாகத் தைத்தால் பிரித்துத் திரும்பத் தைக்கலாம். தோலில் ஒரு துளை விழுந்தால் விழுந்ததுதான். நெருக்கமாகத் துளை போட்டால் தபால்தலை ஓரம் போலக் கிழிந்துவரும். அதனால் தோல் வேலைக்குத் தனி மெஷின்கள் வந்தன. லைமன் பிளேக் என்ற அமெரிக்கர் 1858-ல் செருப்பின் அடித்தோலையும் மேல்தோலையும் சேர்த்துத் தைக்கும் மெஷினுக்குக் காப்புரிமை பெற்றார். அதை விலைக்கு வாங்கிய கார்டன் மெக்கே, மெஷினை விற்காமல் வாடகைக்கு விட்டார். தைக்கும் ஒவ்வொரு ஜோடிக்கும் கட்டணம். சிங்கர் தவணை என்றால் மெக்கே குத்தகை. நம் டெல்டாக்காரர்களுக்குக் குத்தகையை விளக்க வேண்டியதில்லை.

தெருவோரத் தொழிலாளிக்கு ஏற்றது சிங்கரின் 29 வகை. சட்டைக் கை போல நீண்டு மெலிந்த இரும்புக் கை. அதை ஷூவுக்குள் நுழைக்கலாம். அழுத்தும் பாதத்தை முழுச் சுற்றும் திருப்பலாம். ஷூவைத் திருப்ப வேண்டாம், தையலே திரும்பிப் போகும். மோட்டார் கிடையாது, சக்கரத்தைக் கையால் சுற்றினால் போதும். கில்போவியில் செய்த 29கே மெஷின்கள் இன்றும் உலகெங்கும் செருப்பு தைப்பவர்களிடம் ஓடுகின்றன.

தோல் நமக்கும் அந்நியமல்ல. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்திய தென்னாட்டுத் தோல் வெள்ளைக்காரன் காலத்திலேயே கப்பலேறியது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, திண்டுக்கல், திருச்சி எல்லாம் தோலால் பெயர் பெற்றவை. சென்னையில் 1903-ல் ஆல்பிரட் சாட்டர்டன் குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனைகளைத் தொடங்கினார். பிறகு வந்த குரோம் தோல் கம்பெனியின் பெயரைத்தான் குரோம்பேட்டை இன்றும் சுமக்கிறது. 1948-ல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வந்தது.

நம் தஞ்சாவூருக்கு வந்தால், தோல் என்றதும் மிருதங்கம். திருவையாறு ஆராதனையில் நாம் தலையாட்டிக் கேட்கும் அந்த நாதம் மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் எருமைத்தோலும் சேர்ந்தது. அதை மூட்டிக் கொடுத்தவர்களின் பெயர் கச்சேரி நோட்டீஸில் வருவதில்லை. டி.எம். கிருஷ்ணா 2020-ல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகமே எழுதித்தான் அந்தக் குடும்பங்கள் பலருக்குத் தெரியவந்தன. தோலைத் தொட்டு வேலை செய்தவர்களை ஊர் எங்கே உட்காரவைத்தது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

என் பாக்கி

1986-ல் நான் டெல்டாவில் ஒரு சிற்றூர்க் கிளையில் இருந்தேன். எங்களுக்கு வேலை என்றால் பயிர்க்கடனும் நகைக்கடனும்தான். மேட்டூரில் தண்ணீர் திறந்தால் கவுன்ட்டரில் கூட்டம். அதோடு ஏழைகளுக்கான அரசுத் திட்டங்களும் இருந்தன. 1972-ல் வந்த திட்டத்தில் மிக ஏழைகளுக்கு 4 சதவிகித வட்டிக்குக் கடன். 1980 அக்டோபர் முதல் நாடு முழுதும் வந்த ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தில் கைவினைஞர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு மானியம்.

பேருந்து நிலையத்தில் செருப்பு தைக்கும் ஒருவர் மனு கொண்டுவந்தார். திருச்சியில் ஒரு பழைய சிங்கர் 29கே விலைக்கு வந்திருக்கிறது, 1,700 ரூபாய், ஷூ வேலையும் பள்ளிக்கூடப் பை வேலையும் செய்யலாம் என்றார். கையால் ஒரு பை வார் தைக்கும் நேரத்தில் மெஷினில் ஐந்து தைக்கலாம் என்று கணக்கும் சொன்னார். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

பழைய பொருளுக்குக் கடன் கிடையாது என்பது எங்கள் கிளையின் நடைமுறை. புதுப் பொருளுக்கு டீலர் கொட்டேஷன் வேண்டும். அதற்குக் காரணமும் உண்டு. மானியத்தைத் தின்பதற்காகப் பழைய சாமானைப் புதுசு என்று பில் போட்டவர்கள் இருந்தார்கள். "செகண்ட்ஹேண்ட் சார், ஆயுள் இருக்காது" என்று மேலிருந்து சொன்னார்கள். மனுவின் ஓரத்தில் அந்த வரியை எழுதித் திருப்பிக் கொடுத்தது என் கை. அவர் வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த வருடம் என் ஷூ வாய்பிளந்தபோது அவரிடம்தான் போனேன். 29கே அவர் முன்னால் நின்றது. "எப்படி வாங்கினீங்க?" என்றேன். "தண்டல்தான் சார்" என்றார். இரண்டாயிரம் கடன், முந்நூறைப் பிடித்துக்கொண்டு கையில் 1,700, தினம் இருபது ரூபாய் வீதம் நூறு நாள். அன்றிரவு வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆண்டு வட்டி சுமார் 120 சதவிகிதம் வந்தது. எங்கள் 4 சதவிகிதத் திட்டத்தில் அதே 1,700-க்கு ஒரு வருட வட்டி 68 ரூபாய். அவர் நூறு நாளில் கட்டியது 300.

ஆயுள் இருக்காது என்று நான் எழுதிக் கொடுத்த மெஷின், நான் அந்த ஊரிலிருந்து மாற்றலாகும்வரை நிற்காமல் ஓடியது. என் ஷூவுக்கு அவர் வாங்கியது மூன்று ரூபாய். கூடக் கொடுத்ததை வாங்கவில்லை.

நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் ஒரு வியாபாரக் கம்பெனி, லாபத்துக்காகத்தான் என்றாலும், ஐந்து டாலரை நம்பி ஏழை வீட்டுக்கு மெஷின் அனுப்பியது. ஏழைக்கென்றே திட்டம் வைத்திருந்த நாங்கள் அவரைத் தண்டல்காரரிடம் அனுப்பினோம். இதைத்தான் பாக்கி என்று சொன்னேன்.

துடைத்து எடுத்த கதை

இப்போது நம் மெஷினுக்கு வருவோம். இது 15 வகை, வீட்டுத் தையலுக்கானது. கீழவாசல் பக்கம் ஒரு பழைய மெக்கானிக்கைக் கண்டுபிடித்தேன். அவர் சொல்லிக் கொடுத்ததில் உங்களுக்கும் பயன்படுபவை:

சக்கரம் இறுகியிருந்தால் வலுக்கட்டாயமாகத் திருப்பாதீர்கள். பெரும்பாலும் அது துரு அல்ல. யாரோ எப்போதோ விட்ட தேங்காய் எண்ணெய் பிசினாக உறைந்திருக்கும். எண்ணெய்த் துளைகளில் ஒவ்வொரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு வையுங்கள். காலையில் மெல்ல அசைத்தால் விட்டுக்கொடுக்கும். பிறகு துடைத்துவிட்டுத் தையல் மெஷின் எண்ணெய் மட்டும் போடுங்கள். தங்கப் பூவேலை மேல் மண்ணெண்ணெயோ ஸ்பிரிட்டோ படக்கூடாது, பூ உரிந்துவரும். பாபின் கேஸுக்கு அடியில் பழைய நூல் சிக்கியிருக்கும். எங்கள் மெஷினில் பச்சை, சிவப்பு என்று இரண்டு தலைமுறை நூல் வந்தது. சக்கரத்தைச் சுற்றும் பெல்ட்டே தோல் கயிறுதான். அளவாக வெட்டிக் கம்பிக் கிளிப் போட்டு இணைக்க வேண்டும்.

செலவு: பெல்ட் 80, பாபின் கேஸ் 150, ஊசிகள் 120, எண்ணெய் வகை 100, மரப்பலகை 500, மெக்கானிக் கூலி 1,200. ஆக 2,150 ரூபாய்.

தோல் தைக்க 16 அல்லது 18 எண் ஊசி, அதிலும் முனை கத்தி போல வெட்டும் தோல் ஊசி. பருத்தி நூல் வேண்டாம். நைலான் அல்லது பாலியஸ்டர். தையல் நீளம் மூன்று முதல் நான்கு மில்லிமீட்டர். குண்டூசி குத்தக்கூடாது, கிளிப் போட்டுப் பிடிக்க வேண்டும். பாதம் தோலில் ஒட்டினால் மேலே மெல்லிய தாள் ஒன்றை வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்துவிடலாம். முடிவில் நூலைப் பின்பக்கம் இழுத்து முடிச்சுப் போடுவது நல்லது. எல்லா மடிப்பும் சேர்ந்து இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போனால் இந்த மெஷினை வதைக்காதீர்கள். என் மனைவியின் கிழிந்த ஹேண்ட்பேக் தோலில் ஒரு மூக்குக்கண்ணாடி உறை தைத்தேன். கோணல்தான், ஆனாலும் கண்ணாடி அதில்தான் இருக்கிறது.

கேட்டுக்கு எதிரே

நம் கேட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் செருப்பும் பையும் தைப்பவரை உங்களுக்குத் தெரியும். குத்தூசியும் மெழுகு நூலும்தான் அவர் தொழிற்சாலை. ஒரு நாள் அவரை வீட்டுக்குக் கூப்பிட்டு மெஷினைக் காட்டினேன். அவர் உட்காரவில்லை, நின்றபடியே சக்கரத்தைச் சுற்றி, ஊசி இறங்குவதைக் காதால் கேட்டார்.

"துணி மெஷின் சார் இது. ஷூவுக்குள்ள போகாது. அடித்தோல் தைக்காது. ஆனா ஹேண்ட்பேக், பர்ஸ், ஸ்கூல் பேக் வார், ஜிப்பு மாத்துறது எல்லாம் ஓட்டிடலாம். பாதி வேலை அதுதான் வருது."

"எடுத்துக்கிட்டுப் போங்க" என்றேன்.

"சும்மா வேணாம் சார். எவ்வளவு ஆச்சு?"

பில்லைக் காட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாசம் இருநூறு தர்றேன்" என்றார்.

ஆக, அறுபத்தைந்து வயதில் நான் ஒரு கடன் கணக்கு திறந்திருக்கிறேன். வட்டி இல்லை, ஜாமீன் இல்லை, கொட்டேஷன் இல்லை. பத்து மாதம் இருநூறு, பதினோராம் மாதம் நூற்றைம்பது. நாற்பது பக்க நோட்டில் இதுவரை மூன்று வரவு. மூன்றும் தேதி தவறாமல். சாயங்காலம் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து நம் ஜெனரேட்டர் அறையில் விட்டுப் போகிறார். செயலாளர் அனுமதி கொடுத்தார், அவருக்கு நன்றி.

இதை எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. சென்ற கூட்டத்தில், கேட் முன்னால் பார்வைக்கு நன்றாக இல்லை, அவரை வேறிடம் போகச் சொல்ல வேண்டும் என்று சிலர் பேசினார்கள். அடுத்த கூட்டத்தில் அது தீர்மானமாக வருகிறது. கார் திரும்ப இடம் போதவில்லை என்ற குறை நியாயமானது. மரத்துக்கு மறுபக்கம் நாலடி தள்ளி உட்கார அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்கு மேல் தள்ள வேண்டாம் என்பது என் வேண்டுகோள். ஒரு மனுவின் ஓரத்தில் எழுதும் ஒற்றை வரி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். கை தூக்குவதற்கு முன் உங்கள் வீட்டில் வார் அறுந்த பை ஏதாவது இருந்தால் ஒரு முறை அவரிடம் கொடுத்துப் பாருங்கள்.

பரணில் கறுப்பு மெஷின் இருந்தால், காயலான் கடைக்கு போன் செய்யும் முன் எனக்கு ஒரு குரல் கொடுங்கள். எண்ணெயும் மண்ணெண்ணெயும் மீதி இருக்கிறது.